வாரேன் சொல்லாத அழைப்பு

ஏ புள்ள,

இன்று காலை ரூட்டரின் பிளக்கை இன்வர்ட்டர் லைனுக்கு மாற்றியாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து சுவரில் இரண்டு ஓட்டை போட்டு, இரண்டு முழம் ஒயர் இழுத்து, புதுப் பாயின்ட் ஒன்று வைத்துக் கொடுத்தார். அறை முழுக்கச் செங்கல் தூசி வாசனை. மேசை மேல், கீபோர்டு மேல், ஒரு காதில் பிளாஸ்திரி ஒட்டிய உன் ஹெட்செட் மேல் எல்லாம் சிவப்பாகப் படிந்து கிடக்கிறது. "இதுக்குப் போயி ஒரு வருசமா நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தீகளேம்மா. பத்து நிமிச வேலை" என்றார். "ஆமாண்ணே" என்று டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஏன் தள்ளிப்போட்டேன் என்று அவரிடம் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லலாம். நீ செத்து ஒரு வருஷமாகிறது. பிளக்கை மாற்றினால் குற்றம் பிளக்கின் மேல் என்று ஆகிவிடும். குற்றம் என் மேல் அல்லவா இருந்தது? அதனால் அது அங்கேயே கிடக்கட்டும், தினமும் என் கண்ணில் பட்டு உறுத்தட்டும் என்று விட்டுவைத்திருந்தேன். போன வாரம் கரண்ட் போய், பேசிக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரின் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. உறுத்தல் என்னோடு போகட்டும், அடுத்தவர் பேச்சு ஏன் அறுபட வேண்டும் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

அல்லிநகரத்தில் உரக்கடைக்கு மேலே இந்த அறையை நாம் வாடகைக்குப் பிடித்த நாள் உனக்கு நினைவிருக்கும். இரண்டு பேரும் பெங்களூரில் ஆளுக்கொரு கம்பெனியில் இருந்துவிட்டு, ஊரடங்கில் ஊருக்கு வந்து, திரும்பிப் போக மனசில்லாமல் உட்கார்ந்திருந்த சமயம். ஜன்னலைத் திறந்தால் யூரியா வாசனை, மூடினால் வேக்காடு. நீ திறந்து வைப்பாய், நான் மூடி வைப்பேன். மற்றவர்கள் செய்யும் ஆப்களுக்குள்ளே குரலும் படமும் போய் வருவதற்கான லைப்ரரியை நாம் எழுதினோம். உன் அம்மாவிடம் இதை விளக்கப் போய் நான் பட்ட பாடு இருக்கிறதே. "லைப்ரரின்னா பொஸ்தகமெல்லாம் எங்கன வச்சிருக்கீக?" என்று கேட்டார்கள். நீதான் சொன்னாய்: "அம்மா, கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்குக் குடுப்பாகள்ல? சமைக்கிறது அவுக. அண்டாவும் கரண்டியும் நம்மளது." அம்மா உடனே, "அப்ப ஓட்டை இல்லாமப் பாத்துக் குடுங்கடி. பந்தியில வந்து ஒழுகுச்சுன்னா மானம் போயிரும்" என்றார்கள். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டிவிட்டாய்.

வேலையைப் பிரித்துக்கொண்டபோது யாரும் யாரையும் கேட்கவில்லை. குரல் எப்படிப் போக வேண்டும், படம் எப்படி உடையாமல் வர வேண்டும் என்பதெல்லாம் என் பக்கம் வந்தது. பிழைகள் உன் பக்கம். எனக்கு ஒரு காரியம் நடந்துவிட்டால் போதும். நடக்காவிட்டால் ஏன் என்று யோசிப்பதற்குள் பொறுமை போய்விடும். எழுதும்போதும் அப்படித்தான். ஏதாவது தவறு வந்தால் அதைப் பிடித்து ஒரு காலிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு மேலே போய்விடுவேன். நீ அதைக் கண்டுபிடித்து, "ஏ புள்ள, மறுபடியும் முழுங்கிட்டியா?" என்று கேட்பாய். "பேச வைக்கிறது பாதி வேலைதான்டி. பேச முடியலைன்னா ஏன்னு சொல்லணும். என்ன ஆச்சு, யாரு பக்கம் ஆச்சு, இப்ப என்ன செய்யணும். இந்த மூணையும் சொல்லாத எரரு எனக்கு வேண்டாம்."

இதை நீ சொன்னபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே கொட்டாவி விட்டேன்.

அழைப்பில் இருக்கும் ஒவ்வொருவரின் கருவியும் ஐந்து நொடிக்கு ஒரு தடவை சர்வருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்ப வேண்டும், நான் இன்னும் லைனில்தான் இருக்கிறேன் என்று. உலகம் பூராவும் அதற்கு இங்கிலீஷில் இதயத் துடிப்பு என்று பேர் வைத்திருக்கிறார்கள். நீ அதற்கு 'இருக்கேன்' என்று பேர் வைத்தாய். இங்கிலீஷ் எழுத்தில், நம் புரோகிராம் கோடுக்குள்ளேயே. மூன்று 'இருக்கேன்' வராவிட்டால் லைன் அறுந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, ஒருவர் தானாகப் பேச்சை முடித்து வைக்கும்போது அவர் கருவி கடைசியாக அனுப்பும் செய்தி. அதற்கு 'வாரேன்' என்று பேர்.

"போறேன்னு வச்சா என்ன?" என்று கேட்டேன்.

"ஆத்தாடி, வாயைக் கழுவு. நம்ம ஊருல எவளாச்சும் போறேன்னு சொல்லிட்டுப் போவாளா? வாரேன்னுதான் சொல்லணும். சொல்லிட்டுப் போனா அது போனது. சொல்லாம நின்னு போச்சுன்னா அறுந்துபோச்சுன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணாகாது."

எனக்கு உன்னை மடக்கிப் பார்க்க வேண்டும். "சாவு விழுந்த கேத வீட்டுல சொல்லாமத்தானே எந்திரிச்சு வருவோம்? அதுக்கு என்ன செய்வ?" என்றேன்.

நீ கொஞ்சம் யோசித்தாய். பிறகு, "அது ஒண்ணுதான் விதிவிலக்கு" என்றாய். நம் தொழிலில் பிழைக்கு இன்னொரு பேரும் எக்செப்ஷன், அதாவது விதிவிலக்குதானே, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கீழே உரக்கடைக்காரர் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு வாய் கசக்கிறது.

அறுந்த லைனைச் சோதித்துப் பார்க்க நீ கண்டுபிடித்த வழியை வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். பெரிய கம்பெனிகளில் அதற்கென்று கருவி வைத்திருப்பார்கள். நீ கம்பத்தில் குமுளி பஸ்ஸில் ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, லைப்ரரியைச் சோதிக்க நாமே செய்து வைத்திருந்த ஆப்பில் என்னைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே மலை ஏறுவாய். லோயர்கேம்ப் வரைக்கும் குரல் கணீரென்று வரும். வளைவுகளில் நம்ம ஊர் டவரும் கேரள டவரும் மாறி மாறிப் பிடித்து விடும். நீ பாதி வாக்கியத்தில் காணாமல் போவாய், அடுத்த வளைவில் இன்னொரு வாக்கியத்தின் நடுவில் வருவாய். நான் இங்கே உட்கார்ந்து எந்த நொடியில் அறுந்தது, எந்த நொடியில் ஒட்டியது என்று குறித்துக்கொள்வேன். பக்கத்து சீட்டுக்காரம்மா ஒருநாள் உன்னிடம், "ஏத்தா, கேக்கலைன்னா வச்சுட்டு எறங்கின பெறகு பேச வேண்டியதுதான?" என்று சொன்னது எனக்கும் கேட்டது. "கேக்காம இருக்குறதுக்குத்தான் பாட்டி போறேன்" என்றாய் நீ. அந்தம்மா அதற்கப்புறம் உன் பக்கம் திரும்பவே இல்லையாம்.

அப்படி ஒரு பயணத்தில் நம் ஆப் ஒட்டாமல் போகவே, உன்னுடைய சாதாரண நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல் மலையாளத்தில் 'பரிதிக்கு புறத்தாணு' என்றது. நீ கீழே வந்ததும் சொன்னேன், நீ சூரியனுக்கு அங்கிட்டுப் போய்விட்டதாக அந்த அக்கா சொல்கிறது என்று. கேரளத் தோட்டத்தில் வேலை பார்த்த உன் அப்பா வழியாக உனக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். "பரிதின்னா அவுகளுக்கு எல்லை. எல்லைக்கு வெளிய இருக்காகன்னு சொல்லுது. பாரேன், எம்புட்டுத் தெளிவா இருக்கு! ஆளு எடுக்கலைன்னு சொல்லல, வச்சுட்டாகன்னு சொல்லல. எட்டாத எடத்துல இருக்காகன்னு சொல்லுது. மனுசன் மனசு ஒடையாதுல்ல?" என்றாய்.

இன்னொரு விதியும் அந்தப் பஸ்ஸிலேதான் பிறந்தது. லைன் அறுந்தவுடன் நானும் கூப்பிடுவேன், நீயும் கூப்பிடுவாய். இரண்டு பேருக்கும் பிஸி. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவோம், மறுபடி பிஸி. வாசலில் வழிவிடப் போய் இரண்டு பேரும் ஒரே பக்கம் நகர்ந்து முட்டிக்கொள்கிற கதைதான். நீ அதற்கு ஒரு முடிவு கட்டினாய். யார் பக்கம் அறுந்ததோ அவர் பக்கம்தான் மறுபடி கூப்பிட வேண்டும். மற்றவர் முப்பது நொடி காத்திருக்க வேண்டும். திரையில் 'மீண்டும் இணைகிறது' என்று வரும். அது வரைக்கும் யாரும் யாரையும் தப்பாக நினைக்க மாட்டார்கள். "யாரு பக்கம் அறுந்துச்சோ அவுக கூப்பிடணும்" என்று கோடில் குறிப்பாகவே எழுதி வைத்தாய்.

ஆக மொத்தம் பதினாலு விதமான பிழைகள். ஒவ்வொன்றுக்கும் பேர், காரணம், எந்தப் பக்கம், அடுத்து என்ன. நீ அதை முடித்த வாரத்தில்தான் உனக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிடரியில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாய். "என்னடி?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பாய். ஒரு நாள் ஹெட்செட்டின் ஒரு பக்கம் அழுத்துகிறது என்று அந்தப் பக்கத்துப் பஞ்சைப் பிய்த்துவிட்டுப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டாய். அப்போதும் ஒண்ணுமில்லதான். என்ன ஆச்சு, யார் பக்கம் ஆச்சு, என்ன செய்யணும் என்று ஊருக்கெல்லாம் விதி எழுதியவள், உன் உடம்பு அனுப்பிய பிழையை மட்டும் அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தாய். இதற்காக உன் மேல் எனக்குக் கோபம் உண்டு. இன்றைக்கும் உண்டு. ஆனால் நானும்தானே எதிரே உட்கார்ந்திருந்தேன்? 'ஒண்ணுமில்ல' என்று நீ சொன்னதும் சரி என்று திரும்பிக்கொண்டேனே.

தலைவலி என்று நீ மூன்று நாள் வீட்டில் இருந்தபோது அந்தச் சென்னைக்காரர் கூப்பிட்டார். டாக்டரிடம் வீடியோவில் பேசுவதற்கான ஆப் செய்கிறவர். நமக்கு அப்போது இருந்தவர்களிலேயே பெரிய வாடிக்கையாளர். "மேடம், பதினாலு விதமா எரர் வருது. எங்க பசங்க கொழம்புறாங்க. எதுக்கு இத்தனை? பேசிட்டிருக்கு, பேசி முடிஞ்சது. ரெண்டு போதும் மேடம். சிம்பிளா குடுங்க" என்றார். எனக்கும் அது நியாயமாகப்பட்டது. உன்னைக் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கேட்டால் நீ விடமாட்டாய் என்று தெரியும், முயலுக்கு மூன்று கால் என்று நிற்பாய். அதனால் கேட்கவில்லை. ஒரே மதிய நேரத்தில் உட்கார்ந்து, பதினாலையும் ஒரே வார்த்தைக்குள் திணித்தேன். ஆள் போனை வைத்தாலும், லைன் அறுந்தாலும், எடுக்காவிட்டாலும், எட்டாவிட்டாலும் திரையில் ஒரே வரி: 'அழைப்பு முடிந்தது.' உன் முப்பது நொடியையும் எடுத்துவிட்டேன். 'வாரேன்' என்ற செய்தி உள்ளே போய் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் யார் காதிலும் விழாது.

நான்காம் நாள் நீ வந்தாய். கம்ப்யூட்டரைத் திறந்தாய். நான் மாற்றியதை வரி வரியாகப் படித்தாய்.

"ரெண்டையும் ஒண்ணாக்கிட்டியே" என்றாய் கடைசியில்.

"கேட்டாக, செஞ்சேன். வாடிக்கைக்காரு சொன்னா செய்ய வேணாமா?"

"மலையில ஒரு எஸ்டேட்டுல இருந்து ஒருத்தி நெஞ்சுவலின்னு டாக்டரக் கூப்பிடுறா. பாதியில அறுந்துருது. டாக்டருக்கு 'முடிந்தது'ன்னு வரும். அவரு அடுத்த ஆளைப் பாக்கப் போயிருவாரு. அவளுக்கும் 'முடிந்தது'ன்னு வரும். அந்தப் பொம்பள என்ன நெனைப்பா? டாக்டரு வச்சுட்டாருன்னுதான நெனைப்பா?"

நீ சத்தம் போடாமல் சொன்னாய். நீ சத்தம் போட்டிருந்தால் நான் கொஞ்சம் அடங்கியிருப்பேன். அமைதியாகச் சொன்னதால்தான் எனக்கு ஏறிவிட்டது. "நீ தலைவலின்னு வீட்டுல படுத்துக்குவ, இங்கன நான் ஒருத்தியா மல்லுக்கட்டணும், அப்பறம் வந்து என் தலைய உருட்டுவ" என்றேன். இதைச் சொன்ன வாய் இதுதான். நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்தாய். ஹெட்செட்டை எடுக்க மறந்துவிட்டாய். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாய். என்ன கோபமாக இருந்தாலும் 'வாரேன்' சொல்லாமல் நீ போனதில்லை. அன்றைக்கும் சொன்னாய், முதுகைக் காட்டிக்கொண்டு. நான் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ இந்த அறைக்கு வரவே இல்லை. 'வீட்டுலருந்து பாக்குறேன்' என்று ஒரு வரி அனுப்பினாய். மூன்று வாரம், வேலைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு வரி. நானும் வீம்பில் உனக்குக் குறைந்தவள் இல்லை.

அந்த மதியத்துக்கு வருகிறேன். மணி மூன்று இருக்கும். நம் ஆப்பில் நீ கூப்பிட்டாய். திரையில் உன் பேரைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முகத்தை வைத்துக்கொண்டு எடுத்தேன். நீ படத்தை அணைத்து வைத்திருந்தாய். குரல் மட்டும் வந்தது. "ஏ புள்ள... ஒண்ணு சொல்லணும்" என்றாய்.

நான் சொன்னேன்: "சாரி சொல்றதா இருந்தா சொல்லு. இல்லைன்னா எனக்கு வேலை கெடக்கு."

'அழைப்பு முடிந்தது.'

நீ வைத்துவிட்டாய் என்று நினைத்தேன். நான் சொன்ன சொல்லுக்கு முகத்தில் அடித்தாற்போல வைத்துவிட்டாய் என்று நினைத்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து மொட்டைமாடிக்குப் போய், தெரிகிற மலையை எல்லாம் முறைத்துக்கொண்டு நின்றேன். வாரேன் சொல்லாமல் வைத்துவிட்டாளே, அவ்வளவு திமிரா என்றுதான் எனக்கு ஓடியது. சொல்லாமல் போனால் என்ன அர்த்தம் என்று நீ எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருந்தும், அந்த ஒரு தடவை எனக்கு அது ஞாபகம் வரவில்லை. அவளே கூப்பிடட்டும் என்று இருந்தேன். ஒரு நாள், இரண்டு நாள். போனைக் கையில் எடுத்து உன் பேர் வரைக்கும் போய் வைத்த நாளும் உண்டு. பதினோரு நாள் இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கூப்பிட்டது உன் அம்மா.

மூளையில் ஒரு ரத்தக்குழாய் புடைத்துப்போயிருந்ததாம். மதுரையில் ஆபரேஷன். கஷ்டமானது என்று டாக்டர்கள் முன்பே சொல்லித்தான் செய்திருக்கிறார்கள். அன்றைக்கு நீ கூப்பிட்டது அதைச் சொல்லத்தான்.

உத்தமபாளையம் தாண்டி உங்கள் ஊருக்கு நான் வந்து சேர்ந்தபோது உன்னைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பந்தலுக்குப் பின்னாலேயே உங்கள் திராட்சைக் கொடி. யாரோ மருந்தடித்து இரண்டு நாள் ஆகியிருக்க வேண்டும், அந்தக் கந்தக வாடை மெழுகுவர்த்திப் புகையோடு சேர்ந்து அடித்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒனக்குச் சொல்லிட்டுத்தான் ஆபரேசனுக்குப் போவேன்னா. கூப்பிட்டா. சொல்ல வாயெடுக்கையிலேயே நீ வச்சுட்டியாம்ல. மறுபடி கூப்பிட்டாளாம், அதையும் எடுக்காம வச்சுட்டியாம். 'கோவமா இருக்காம்மா. போயிட்டு வந்து நேர்ல பாத்துக்கிறேன், அவ கோவமெல்லாம் நேர்ல பாத்தா நிக்காது'ன்னா. ஒன்னய ஒரு வார்த்த தப்பாச் சொல்லல ஆத்தா."

நான் வைக்கவில்லை அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கே அப்போது ஒன்றும் புரியவில்லை. மறுபடி கூப்பிட்டாளா? என் திரையில் எதுவும் வரவில்லையே?

கோயில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, எல்லோரையும் போல நானும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன். கேத வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாதே. அம்மா வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒன்றுதான் விதிவிலக்கு என்று நீ சொன்னது பஸ் சின்னமனூர் தாண்டும்போது நினைவுக்கு வந்தது. அப்போதுதான் அழுதேன்.

மறுநாள் சர்வரின் குறிப்புகளைத் திறந்தேன். திரைக்கு வருகிற வார்த்தையைத்தான் நான் ஒன்றாக்கியிருந்தேனே தவிர, அடியில் நீ எழுதி வைத்தது அப்படியே இருந்தது. சுவருக்கு நான் அடித்தது ஒரு பூச்சு வெள்ளைதான். அந்த மதியத்தின் வரிகளைத் தேடி எடுத்தேன். உன் பக்கத்திலிருந்து 'வாரேன்' இல்லை. உன் 'இருக்கேன்'கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, ஐந்து நொடிக்கு ஒன்று, ஒன்றுகூடத் தப்பாமல். நின்றுபோனது என்னுடையது. மூன்று 'இருக்கேன்' வரவில்லை. அறுந்தது என் பக்கம்.

கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு மதியம் கரண்ட் போயிருக்கிறது. இந்த அறையில் ஃபேனும் லைட்டும் இன்வர்ட்டரில் ஓடுகிறவை, கரண்ட் போனதே தெரியாது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. ரூட்டரின் பிளக் மட்டும் நேர் கரண்டில். ஃபேன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது, ரூட்டர் சத்தமில்லாமல் அணைந்து கிடந்தது. என் லேப்டாப்புக்கு லைன் போனது, அதனால் எனக்கு 'அழைப்பு முடிந்தது'. சர்வர் உனக்கும் அதே வரியைக் காட்டியது. இரண்டு நிமிஷம் கழித்து நீ மறுபடி கூப்பிட்டிருக்கிறாய். குறிப்பில் இருக்கிறது. நான் அப்போது மொட்டைமாடியில், நம் ஆப் கீழே லேப்டாப்பில் மட்டும். ரூட்டர் இன்னும் அணைந்துதான் இருந்தது. அதற்கு நீ எழுதிய பிழையின் பேர் 'பரிதிக்கு வெளியே'. உன் திரையில் அது வரவில்லை. என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த வரியை எழுதியவளே நான்தானே.

ஒரே வார்த்தை. எனக்கு அது நீ வைத்துவிட்டாய் என்று சொன்னது. உனக்கு நான் வைத்துவிட்டேன் என்று சொன்னது. இரண்டு பேரும் மற்றவர் கூப்பிடட்டும் என்று இருந்தோம்.

என்னுடைய அந்தக் கடைசி வாக்கியம், சாரி சொல்வதானால் சொல்லு என்றது, உன் காதில் விழுந்ததா இல்லையா என்று குறிப்பில் இல்லை. ஐந்து நொடிக்குள் என்ன நடந்தது என்பது அதில் தெரியாது. 'சொல்ல வாயெடுக்கையிலேயே' என்று அம்மா சொன்னதை வைத்து, விழவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். விழாமல் இருக்கட்டும் என்று உங்கள் ஊர் மாதாவிடம்கூட வேண்டிக்கொண்டாயிற்று. நான் கோயில் மாறி வேண்டிக்கொள்வதைப் பார்த்தால் நீ என்ன கிண்டல் செய்வாய் என்று தெரியும்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட், ரூட்டர், சர்வர், நான் ஒன்றாக்கிய வார்த்தை. அவர்களுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நீ வைக்கலையா?" என்று மட்டும் கேட்டார்கள். "வைக்கலைம்மா" என்றேன். "அவளுக்குத் தெரியாமப் போச்சே" என்றார்கள். பிறகு எனக்குச் சோறு போட்டார்கள்.

பதினாலையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். சென்னைக்காரர் முதலில் முனகினார். எஸ்டேட்டுப் பெண் நெஞ்சுவலியோடு கூப்பிடுகிற கதையை அவரிடம் சொன்னேன், உன் வார்த்தையிலேயே. "சரி மேடம், அப்படியே இருக்கட்டும்" என்றார். 'வாரேன்' என்றால் என்ன என்று எங்கிருந்தோ யாராவது அடிக்கடி எழுதிக் கேட்கிறார்கள். திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவது என்று பதில் எழுதுகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், தெரிகிறது. ஆனாலும் யாரோ இரண்டு பேருக்கு இந்தச் சங்கடம் மிச்சமாகும் அல்லவா? இப்போதெல்லாம் யாராவது என்னிடம் 'ஒண்ணுமில்ல' என்று சொன்னால் நான் விடுவதில்லை. என்னா ஒண்ணுமில்ல, எங்கன ஒண்ணுமில்ல என்று நோண்டுகிறேன். இவளிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்று பேராகிவிட்டது.

தூசியைத் துடைக்க உன் ஹெட்செட்டைக் கையில் எடுத்தேன். பிளாஸ்திரி ஓரத்தில் காய்ந்து தூக்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பிய்க்கவில்லை, அழுத்தி ஒட்டி வைத்தேன். ஜன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். இப்போதுகூடக் கீழே கரண்ட் போய்விட்டது, உரக்கடைக்காரர் விசிறிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறார். ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

நீ அன்றைக்கு வாரேன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீ எழுதிய விதிப்படி அது முடிந்த அழைப்பு இல்லை, புள்ள. அறுந்தது. என் பக்கம் அறுந்தது. கூப்பிட வேண்டியவள் நான்தான்.